பெருநாள் ஷிப்ட்

திருகோணமலை உள்துறைமுகக் கரையில் இருக்கும் அந்த ஐஸ் கம்பனியில், கைவிரல் பதிக்கிற மெசின் இரண்டு மாதம்தான் உயிரோடு இருந்தது. பன்னிரண்டு மணித்தியாலம் ஐஸ் கட்டியோடு மாரடித்துவிட்டு வருகிறவனின் விரலை அது விரலாகவே மதிக்கவில்லை. துடைத்து வைத்தாலும், ஊதி வைத்தாலும், உடுத்திருந்த சாரத்தில் தேய்த்துச் சூடாக்கி வைத்தாலும், மீண்டும் முயற்சிக்கவும் என்று ஒரு பெண்குரலில் சொல்லிக்கொண்டே இருக்கும். கடைசியில் முகாமையாளருக்கே பொறுமை கெட்டு, எல்லோருக்கும் கழுத்தில் தொங்கவிட ஒவ்வொரு அட்டை கொடுத்தார். வாசலில் உள்ள பெட்டியில் அட்டையைத் தட்டினால் ஆள் உள்ளே. திரும்பத் தட்டினால் ஆள் வெளியே. தட்டியவன் யார் என்பது பற்றிப் பெட்டிக்கு ஒரு கவலையும் இல்லை.

அந்தப் பெட்டியின் புண்ணியத்தில்தான் சரீப்பும் டொமினிக்கும் ஏழு வருடமாகப் பெருநாளும் நத்தாரும் கொண்டாடினார்கள்.

சரீப் குறிஞ்சாக்கேணியிலிருந்து பஸ் ஏறி வருகிறவன், பகல் ஷிப்ட். டொமினிக் லிங்கநகர்க்காரன், இரவு ஷிப்ட். ஒருவன் போகும்போது மற்றவன் வருவான். வாசல் தேநீர்க் கடையில் கால் மணி நேரம் இருவரும் ஒன்றாக நிற்பார்கள். இரண்டு பேருமே கம்பனியின் ஆட்கள் இல்லை. ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு ஏஜென்சியின் ஒப்பந்தக் கடதாசியில் இருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்தக் கடதாசி புதுப்பிக்கப்படும். படகுகள் வரிசையில் நின்று ஐஸ் ஏற்றும் காலத்தில் லீவு கேட்கலாம், கேட்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. கேட்டவனுக்கு அடுத்த கடதாசி வராது, அவ்வளவுதான். ஆகவே பெருநாள் அன்று டொமினிக் சரீப்பின் அட்டையை மாட்டிக்கொண்டு பகல் ஷிப்ட்டும் செய்வான். டிசம்பரில் நத்தார் இரவில் சரீப் டொமினிக்காகிவிடுவான். சுப்பவைசர் நிருபனுக்கு எல்லாம் தெரியும். "இண்டைக்கு நீ ஆரடாப்பா, சரீப்பா டொமினிக்கா?" என்று கேட்டுச் சிரிப்பான். ஒரு பக்கத்து வட்டிலப்பமும் மறுபக்கத்துக் கேக்கும் தவறாமல் அவன் வீட்டுக்குப் போயின. வாங்கித் தின்ற வாய் பின்னால் என்ன பேசியது என்பதைச் சொல்லத்தானே போகிறேன்.

இந்த வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் அன்று காலை ஆறு மணிக்கு டொமினிக் இரவு வேலையை முடித்துத் தன் அட்டையைத் தட்டி வெளியே வந்தான். ஒரு பிளேன்டீ குடித்தான். சரீப்பின் அட்டையைத் தட்டித் திரும்ப உள்ளே போனான். பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஐஸ் உடைக்கிற மெசினுக்குள் கட்டியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, கண் ஒரு கணம் சொருகியது. கையுறையைப் பல்லுச் சில்லு பிடித்து இழுத்தது. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. அதே நேரம் சரீப் வீட்டு வாசலில் குர்பான் இறைச்சியைப் பங்கு பிரித்துக்கொண்டிருந்தான். டொமினிக்குக்கு என்று நல்ல துண்டாகப் பார்த்து ஒரு பையில் தனியே கட்டி வைத்திருந்தான்.

ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவன் நிருபன்தான். வாசலில் இறக்கும்போது டொமினிக்கின் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டான். "பேர் கேட்டா சரீப் எண்டே சொல்லு. இல்லாட்டி ரெண்டு பேற்ற வேலையும் போகும்" என்றான். அவன் என்ன நினைத்துச் சொன்னானோ, இரத்தம் சொட்ட நின்றவனுக்கு அதை ஆராய நேரமில்லை. சரீப்பின் வேலை போகும் என்பது மட்டும் காதில் விழுந்தது. தாதி பெயர் கேட்டபோது சரீப் என்றான். மாலை ஆறு மணிக்கு யாரோ அந்த அட்டையைப் பெட்டியில் தட்ட, சரீப் ஒழுங்காக வேலை முடித்து வெளியே போனதாகப் பதிவாயிற்று.

நான்கு நாள் டொமினிக் ஆஸ்பத்திரி வாட்டில் சரீப்பாகவே கிடந்தான். "சரீப் நானா, மருந்து" என்றால் ஓம் என்றான். பக்கத்துக் கட்டில்காரர் ஸலாம் சொன்னால் பதில் ஸலாம் சொன்னான். அவனுடைய மனைவி திரேசம்மா வந்து கேட்டபோது டொமினிக் என்று ஒருவருமே இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பாவம், அவள் வாட்டு வாட்டாக நடந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துத்தான் புருஷனைக் கண்டுபிடித்தாள்.

மறுநாள் வேலைக்கு வந்த இடத்தில் விஷயம் கேள்விப்பட்டு சரீப் ஓடி வந்தபோது, டொமினிக் சிரித்தான். "உன்ர பேரில வாழ்ந்து பாக்கிறன் மச்சான். பரவாயில்ல, நல்ல மரியாதை."

சரீப்புக்கு அழுகை வந்துவிட்டது. வாட்டு என்றும் பார்க்காமல் குலுங்கி அழுதான். தன் கையில் நடக்க வேண்டியது இவன் கையில் நடந்துவிட்டது என்ற எண்ணம் அவனை விடவில்லை.

விரல் போனதோடு விட்டிருந்தாலும் ஒரு நியாயம். மூன்று கிழமை கழித்து டொமினிக் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. எவ்வித அறிவித்தலுமின்றித் தொடர்ந்து கடமைக்குச் சமுகமளிக்காத காரணத்தால், தாங்கள் தங்களது பதவியை வறிதாக்கியவராகக் கருதப்படுகின்றீர். பதவியை வறிதாக்குதல், அதாவது தானாகவே வேலையை விட்டுப் போவது! வறியவனாக்கியது யார் என்று கடிதத்தில் இல்லை. கம்பனியிடம் போய்க் கேட்டதற்கு, விபத்து என்று ஒன்று நடக்கவே இல்லை, பெருநாள் அன்று காலை ஆறு மணிக்கு வெளியே போனவர் பதினொரு மணிக்கு உள்ளே எப்படிக் காயப்படுவார் என்று திருப்பிக் கேட்டார்கள்.

தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்குமுன் டொமினிக் சரீப்பிடம் வந்தான். "கார்ட் மாத்தினதைச் சொல்லாமல் இதை எழுத ஏலாது. உன்ர பேரும் வரும். நீ வேண்டாமெண்டா விடுறன்."

"எழுதிக் குடு மச்சான்" என்றான் சரீப். "அண்டைக்கு நான் வரல்ல, நீதான் நிண்டயெண்டு நானே வந்து சொல்லுறன். என்ட புள்ளயாண சொல்லுறன்."

அதைச் சொன்னபோது அவன் மனதறிந்துதான் சொன்னான். அதில் பொய் இல்லை.

விசாரணைத் திகதி வந்த பிறகுதான் முகாமையாளர் அவனைக் கூப்பிட்டார். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவருடைய ஏசி அறைக்குள் சரீப்புக்கு ஒரு கதிரை கிடைத்தது. அதன் நுனியில் உட்கார்ந்தான்.

"பெருநாளெண்டும் பாக்காம வேலைக்கு வந்த ஆள் நீங்கள்" என்றார் முகாமையாளர். "அதுக்கு எங்களிட்டப் பதிவு இருக்கு. அப்பிடியான ஆக்களை ஏஜென்சியில வச்சிருக்கிறது சரியில்ல." மேசைக்கு மேல் ஒரு கடிதத்தைத் தள்ளினார். நிரந்தர நியமனம். அவன் பெயர், அடையாள அட்டை இலக்கம், எல்லாம் சரியாக அடித்திருந்தது. கையெழுத்து இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. "நீங்கள் அண்டைக்கு வரல்லையெண்டு சொன்னா வேற கதை. அட்டையை இன்னொராளுக்குக் குடுத்தது மோசடி. நாங்கள் பொலிஸுக்குப் போகாம இருக்க ஏலாது. யோசியுங்கோ."

பதினொரு வருடத்தில் இருபத்திரண்டு தடவை கடதாசி வருமா வராதா என்று காத்திருந்தவன் அவன். ஆசை வெட்கம் அறியாது என்பது சும்மாவா? அந்தக் கடிதத்தை இன்னொரு தடவை வாசிக்க வேண்டும்போல் இருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன்மேலேயே அவனுக்கு அருவருப்பும் வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து மனைவி றஹ்மாவிடம் சொன்னான். அவள் கெட்டவள் இல்லை. டொமினிக் வீடு திரும்பிய நாளிலிருந்து இரண்டு தடவை சூப் வைத்து, பஸ்ஸில் சிந்தாமல் மடியில் வைத்துக் கொண்டு போய்க் கொடுத்தவள். குசினிக் கதவோடு சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே மகள் நப்லா உயர்தரப் பரீட்சைக்குச் சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"அவரிட விரல் போயிட்டு" என்றாள் றஹ்மா மெல்ல. "நீங்க உண்மையச் சொன்னா முளைக்கவா போகுது? ஒரு வீட்டு அடுப்பு அணைஞ்சிட்டு. மத்த வீட்டு அடுப்பையும் நாமளே தண்ணி ஊத்தி அணைக்கணுமா?" சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

சரீப் அவளை ஏசவில்லை. ஏசியிருக்க வேண்டும். முகாமையாளரைக் கண்ட அன்று கம்பனி வாசலிலிருந்து வீடு வரைக்கும் பஸ்ஸில் அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்ததும் அதையேதான்.

விசாரணை நாள் காலையில், தொழில் அலுவலக வாசலில் திரேசம்மா அவனைக் கண்டதும் எழுந்து வந்தாள். "வந்திட்டீங்களா நானா. கடவுளே. இனிப் பயமில்ல." அவள் முகத்தைப் பார்க்காமல் சரீப் செருப்பைக் கழற்றினான். பிறகு, இது பள்ளிவாசல் இல்லை என்று உணர்ந்து போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

தொழில் உத்தியோகத்தர் சுலோஜனா முஸ்லிம்கள் நிறைந்த கிண்ணியாவில் நான்கு வருடம் வேலை பார்த்தவர். மரியாதையாகப் பேசுகிற மனுஷி. முதலில் நிருபனைக் கேட்டார். தான் யாரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை என்றான் நிருபன். கண்ணைக்கூட இமைக்கவில்லை. முகாமையாளர் டொமினிக் கொடுத்திருந்த ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டைக் காட்டினார். "இதில பேர் சரீப் எண்டிருக்கு மிஸ். சரீப் இந்தா பத்து விரலோட இருக்கிறார். நியாயமான ஆள் ஏன் இன்னொராளின்ர பேரைச் சொல்லுறார்? எங்கயோ கையை விட்டிட்டு எங்கட தலையில கட்டப் பாக்கிறார்."

கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள். தொழில் அலுவலகத்தில் வேண்டும். டொமினிக்கின் கை மேசை விளிம்பில் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. ஆனால் அது எந்த மெசினில் போனது என்று அந்தக் கையால் சொல்ல முடியாது. அன்று உள்ளே நின்ற மற்றவர்களும் ஏஜென்சிக் கடதாசிக்காரர்கள்தான், ஒருவரும் வரவில்லை. அங்கே நின்றது யார் என்று சொல்லக்கூடியவன் ஒருவன்தான்.

"சரீப்" என்றார் சுலோஜனா. "ஹஜ்ஜுப் பெருநாளண்டு காலமை பதினொரு மணிக்கு நீங்கள் எங்க நிண்டனீங்கள்?"

அவனுக்கு அந்தக் காலை முழுவதும் கண்ணுக்குள் வந்தது. திடலில் தோளோடு தோள் நின்று தொழுதது, தக்பீர் சத்தம், போகுமுன் நப்லா அவன் தொப்பியைச் சரிசெய்து வாப்பா மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீங்க என்றது.

"வேலையில, மிஸ்."

"நாள் முழுக்கவா?"

"ஓம் மிஸ்."

அவர் பேனையை நிறுத்திவிட்டு அவனை உற்றுப் பார்த்தார். "பெருநாள் தொழுகைக்குமா போகல்ல?"

அல்லாஹ்வின் முன்னால் நின்றதை இல்லை என்று சொல்ல வேண்டி வரும் என்று சரீப் எதிர்பார்த்திருக்கவில்லை.

"போகல்ல மிஸ்" என்றான்.

டொமினிக் அவன் பக்கம் திரும்பினான். திட்டுவான், எழுந்து சட்டையைப் பிடிப்பான் என்று சரீப் காத்திருந்தான். பிடித்தால் நல்லது என்றுகூட நினைத்தான். டொமினிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"டொமினிக், உங்களுக்கு வேற சாட்சி ஆரும் இருக்கினமா?"

"இல்ல மிஸ்."

"ஆஸ்பத்திரிக்கு நான் எழுதிக் கேக்கலாம். கை உங்கடதான் எண்டு அவை சொல்லுவினம். எங்க நடந்தது எண்டு அவைக்குச் சொல்ல ஏலாது." அவருடைய குரல் தாழ்ந்துவிட்டது. "எனக்கு விளங்காமல் இல்லை. ஆனா எழுதுறதுக்கு என்னட்ட ஒண்டும் இல்லை."

வேறு சாட்சி இல்லை என்று முறைப்பாட்டாளர் கூறியதாக எழுதி, வாசித்துக் காட்டி, தாளை டொமினிக்குக்கு முன்னால் வைத்தார். டொமினிக் பேனையை இடது கையில் எடுத்தான். அந்தக் கை இன்னும் எழுத்துப் பழகவில்லை. மின்விசிறிக் காற்றில் தாள் எழும்பியது. வலது கையால் அமர்த்தப் பார்த்தான். காயம் முழுதாக ஆறவில்லை, வலித்திருக்க வேண்டும், எடுத்துவிட்டான்.

"ஆராவது பிடிச்சு விடுங்கோ" என்றார் சுலோஜனா.

நிருபன் ஜன்னலைப் பார்த்தான். முகாமையாளர் போனைப் பார்த்தார். சரீப் எழுந்து போய், குனிந்து, தாளின் இரண்டு ஓரத்தையும் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான். டொமினிக் சின்னப்பிள்ளை எழுதுவதுபோல் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறத் தொடங்கினான். கோடு நெளிந்து போயிற்று.

"இறுக்கிப் பிடி மச்சான்" என்றான் டொமினிக், தலையை நிமிர்த்தாமலே. "உன்ர கை ஆடுது."