நடு நாற்காலி

"நீயும் ஒரு தடவை உட்கார்ந்து பாரேன்."

"வேண்டாங்க, நீங்களே உட்காருங்க. எனக்குச் சமையலறையில வேலை கிடக்கு."

"ஒரே நிமிஷம்மா. இந்த இடத்துலதான் அஞ்சு ஸ்பீக்கரோட சத்தமும் ஒண்ணா வந்து சேரும். ரெண்டடி தள்ளினா போச்சு."

"போனா போகட்டும். நான் அங்கேயிருந்தே கேட்டுக்கிறேன்."

பதினான்கு வருடங்களுக்கு முன், ஹோம் தியேட்டரை வாங்கி வந்த அன்று நடந்த பேச்சு இது. அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். கண்மணிக்கு நேராக லென்ஸின் நடுப்புள்ளி நிற்கவேண்டும் என்று நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர். காதுக்கும் அப்படியொரு நடு இருக்கிறது என்று தெரிந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. தையல்காரியான அவளிடமே அளவு டேப்பை வாங்கி, கூடத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார். ஒரு சாய்வு நாற்காலியைப் போட்டு, அது நகர்ந்துவிடாதபடி நான்கு கால்களையும் சுற்றித் தரையில் பச்சைத்தாள் ஒட்டினார்.

அன்று அவளுக்கு இருந்த வேலை அடுப்பிலிருந்த பால், அவ்வளவுதான். அதை இறக்கிவைக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து படம் போட்டால் நாற்காலி அவருக்கு, சமையலறை வாசலோரத்து ஸ்டூல் அவளுக்கு. ஸ்டூலின் தலைக்கு மேலேயே பின்பக்க ஸ்பீக்கர் ஒன்று. திரையில் இருவர் மனம்விட்டுப் பேசுவது அவள் காதில் விழாது. அவர்களுக்குப் பின்னால் போகும் ரயில் மட்டும் அவள் மண்டைக்குள் ஓடும்.

"கேட்டியா, மழை நமக்குப் பின்னாடி பெய்யுது" என்று அவர் கழுத்தைத் திருப்பிக் கேட்பார்.

"நான் தொப்பலா நனைஞ்சே போயிட்டேன்" என்பாள். அவர் சிரித்துவிட்டு மறுபடியும் திரைப் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தப் பின்னந்தலை எந்த வருடம் எந்தப் பக்கம் நரைத்தது என்பது அவளுக்கு மனப்பாடம்.

தனக்கும் அங்கே ஓர் இடம் கேட்டிருக்கலாம்தான். ஆனால் கடையில் காலையிலிருந்து நின்றே பழகிய மனிதருக்கு வாய்த்த ஒரே சொகுசு அந்த நாற்காலி. அதை எப்படிக் கேட்பது? வாய்வரை வரும், விழுங்கிவிடுவாள்.

இந்த மாதம் வலது பின்பக்க ஸ்பீக்கர் ஊமையானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக் வந்து ஆம்ப்ளிஃபயரைத் திறந்து, உள்ளேயிருந்த தூசியைப் பார்த்து இரண்டு தும்மல் போட்டார். அவள் ஜன்னலோரத்தில் யாருடைய சட்டைக்கோ காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு போர்டுதாண்ணே போயிருக்கு. மாத்தினா இன்னும் அஞ்சு வருஷம் ஓடும். புதுசே போடணும்னாலும் போடலாம். நீங்கதான் சொல்லணும்."

"புதுசுதான்" என்றார் கண்ணாடிக்காரர். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து, அவள் மெஷினின் மேலேயே விரித்தார். வீட்டின் படம். கூடம், நாற்காலி, வாசல், ஏன், அவளுடைய ஸ்டூலைக்கூட விடாமல் வரைந்திருந்தார். சமையலறைக்குள் ஒரு சிவப்பு வட்டம்.

"வயர் இல்லாத ஸ்பீக்கர். அடுப்புக்கு மேல ஒண்ணு, இந்த மெஷின் பக்கத்துல ஒண்ணு. இனிமே நீ எங்க நின்னு வேலை பார்த்தாலும் படம் உன் கூடவே வரும். எத்தனை வருஷமா வாசல்ல உட்கார்ந்து கழுத்தை நீட்டிக்கிட்டு இருக்கே. எனக்கே பார்க்கச் சகிக்கல."

"அக்காவுக்கு யோகம்தான்" என்றார் மெக்கானிக்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வாரமாகக் கடையில் ஆள் வராத நேரத்தில் உட்கார்ந்து வரைந்திருப்பார். நாற்காலிக்கும் ஸ்டூலுக்கும் நடுவே புள்ளிக்கோடு இழுத்து, 'பதினோரு அடி' என்று குண்டு எழுத்தில் எழுதியிருந்தார். இன்று வாயைத் திறக்காவிட்டால் இந்தப் பதினோரு அடியை ஆணியடித்து மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

"ஏன் தம்பி, அந்த நடு இடம் ஒருத்தருக்குத்தானா?" என்று மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"யாரு சொன்னதுக்கா? ரெண்டு பேர் ஒட்டி உட்கார்ந்தா ரெண்டு பேருக்கும் நல்லாவே கேட்கும். அதுக்கு இந்தப் பழைய பெட்டியே தாராளம்."

"நடுன்னா நடுதாம்ப்பா" என்றார் கண்ணாடிக்காரர், விட்டுக்கொடுக்காமல்.

"அது உங்க லென்ஸுக்குண்ணே. காது அவ்வளவு கறார் இல்ல."

அவள் எழுந்துபோய் நாற்காலியருகே குனிந்தாள். காலைச் சுற்றியிருந்த பச்சைத்தாளை நகத்தால் நெம்பினாள். பதினான்கு வருடத்துப் பிசின், லேசில் வரவில்லை.

"ஏம்மா, அது அளவு பார்த்து ஒட்டினது."

"தெரியுமே. டேப் குடுத்ததே நான்தானே."

தாள் பிய்ந்து கையோடு வந்தது. அதை விரலில் சுற்றிக்கொண்டே நிமிர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், பின்னந்தலையை அல்ல.

"புதுசும் வேண்டாம், அடுப்புக்கு மேல ஸ்பீக்கரும் வேண்டாம். இதையே சரி பண்ணச் சொல்லுங்க. இந்த நாற்காலியை எடுத்துட்டு, ரெண்டு பேர் உட்கார்ற மாதிரி ஒரு சோபா போடுங்க. எனக்கு உங்க பக்கத்துல உட்காரணும்."