மூக்கன் பிடித்த நீலக் குருவிகள்

பாலாமணியின் குரல் ஒவ்வொரு வருடமும் பங்குனிக் கடைசியில் ஊரைவிட்டுப் போய், ஐப்பசியில் திரும்பி வந்தது. கோத்தகிரிக்குக் கீழே இருந்த அந்த எஸ்டேட்டில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. குளிர்காலத்தில் வந்து தங்கிப் போகும் ஒரு நீலக் குருவிதான் அதைக் கொண்டுபோகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டை நன்றாக இருக்கிறது, குரல்தான் ஊரில் இல்லை என்று அனுப்பிவிட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டரில் சூப்பர்வைசர் பொன்ராஜ் பெயர் வாசிக்கும்போது அந்த மாதங்களில் அவள் கையைத் தூக்கினால் போதும். வீட்டுக்காரன் மூக்கனுக்கு அரை வருடம் திட்டு மிச்சம் என்று தொழிலாளர் லைன் வீடுகளில் கேலி பேசினார்கள். அவனோ அந்த மாதங்களில் சோறு இறங்காமல் இளைத்துப்போனான்.

எழுபத்தொன்றாம் வருடம் மகள் பங்கஜத்துக்கு வைகாசியில் கல்யாணம் குறித்தார்கள். அம்மா நலங்குப் பாட்டுப் பாடாமல் மணையில் உட்கார மாட்டேன் என்று பங்கஜம் ஒரே பிடியாக நின்றாள். வைகாசியில் குரல் ஏது? குருவி கிளம்பும் முன் பிடித்து அடைத்துவிடுவதென்று மூக்கன் யாரிடமும் சொல்லாமல் முடிவு செய்தான். நீலக் குருவியில் இரண்டு வகை உண்டு என்று அவனுக்குத் தெரியாது. மஸ்டர் களத்து வேலிக்கு நாள் தவறாமல் ஒன்று வந்துகொண்டிருந்தது. பாலாமணியும் மஸ்டருக்கு நாள் தவறாதவள், ஆகவே இதுதான் அவளுடையது என்று கணக்குப் போட்டான். கொழுந்துக் கூடையைக் குச்சியில் சாய்த்து, அடியில் புழு வைத்துப் பிடித்தும்விட்டான்.

மறுநாள் மஸ்டரில் பொன்ராஜ் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மூக்கன் வீட்டுக் கூடைக்குள்ளிருந்து அவருடைய குரல் பெயர்களை வரிசையாக வாசித்தது. ஜனங்கள் என்ன செய்வார்கள், அந்தப் பக்கம் திரும்பி நின்று “இருக்கேனுங்க” என்றார்கள். தாமதமாக வந்த ராக்கம்மாவைக் கூடை திட்டவும் செய்தது. பாலாமணி ஓடிப்போய்க் கூடைக்குள் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க, இது இந்தச் சோலையிலயே பொறந்து கெடக்கறதுங்க. அவுரிச் சாயமாட்டக் கருநீலம், வாலடியில வெள்ளை. என்னோடது அந்தா, வேலிக் கம்பி மேல ஒக்காந்திருக்குது பாருங்க. வெளுத்த நீலம். கண்ணுல இருந்து மூக்கு வரைக்கும் மை ஈசிக்கிட்டிருக்குது.”

“இத்தன வருசமா ஒரு வார்த்த சொல்லலியே,” என்றான் மூக்கன்.

“நீங்க கேக்கலீங்களே.”

கூடையைத் திறந்ததும் பொன்ராஜுக்குக் குரல் வந்தது. முதல் திட்டு மூக்கனுக்கு. அன்று சாயங்காலமே அவன் மை தீட்டிய குருவியைப் பிடித்தான். மகளுக்காகப் பாலாமணியும் சரி என்றாள். சித்திரை பிறந்தும் அவள் குரல் முதன்முறையாக ஊரில் இருந்தது. ஆனால் அது கூடைக்குள்ளிருந்து வருவதைப் போல மெலிந்திருந்தது. குருவி இரையைத் தொடவில்லை. அவள் நலங்குப் பாட்டைப் பாடிப் பார்த்தபோது, அப்போதுதான் சாப்பிட்டு எழுந்த பெண்களுக்கெல்லாம் மறுபடி பசித்தது.

“அது பசியோட கெடந்தா பாட்டும் பசியோடதானுங்க வரும். உட்டுருங்க, போய்ட்டு வரட்டும்,” என்றாள். மூக்கன் தன் கையாலேயே கூடையைத் தூக்கினான். “எனக்காக இத்தன பாடுபட்டீங்களே, எனக்கு ரொம்ப” என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குருவி பறந்தது. பேச்சு அங்கேயே நின்றது.

கல்யாணத்தை ஐப்பசிக்குத் தள்ளினார்கள். கேத்தியில் இருந்த மாப்பிள்ளை வீட்டார், அதற்குள் தோட்டத்துக் கேரட்டையும் எடுத்து முடித்துவிடலாம் என்று சந்தோஷமாகவே ஒத்துக்கொண்டார்கள். முகூர்த்தத்தன்று வேலிக் கம்பி காலியாக இருந்தது. மணைக்கு முன்னால் பங்கஜம் நின்றுகொண்டே இருந்தாள். மேளக்காரர்கள் வாசித்ததையே திரும்ப வாசித்தார்கள். நல்ல நேரம் முடியப்போகிறது என்று பெரியவர்கள் முணுமுணுக்கத் தொடங்கியபோது, மஞ்சில் நனைந்த குருவி வந்து கம்பியில் உட்கார்ந்தது. பாலாமணி கூட்டத்துக்குள் மூக்கனைத் தேடிப் பிடித்து, “சந்தோசமுங்க” என்று விட்ட இடத்திலிருந்து முடித்தாள். பிறகுதான் பாடினாள். பாட்டோடு எங்கோ வடக்கே இருக்கும் பனி மலையின் குளிரும் வந்ததால் பந்தலில் இருந்தவர்கள் கம்பளி கேட்டார்கள். மூக்கன் எல்லார் முன்னாலும் அழுதான்.

அதற்குப் பிறகு அந்த எஸ்டேட்டில் கல்யாணத்துக்கு நாள் குறிப்பவர்கள் கம்பியையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பங்குனிக் கடைசியிலும் மூக்கன் வேலி வரை போவான். கண்ணோரம் மை இருக்கிறதா என்று முதலில் சரிபார்த்துக்கொண்டு, “பாத்துப் போய்ட்டு வாங்க” என்று கும்பிட்டு அனுப்புவான்.