கதவுக்கு அடியில் வந்த முளைகள்

வில்ஃப் இறந்து எட்டு வாரம் ஆகியும், தினமும் காலை ஒன்பது மணிக்கு மாடியறையிலிருந்து மனைவியைக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்தவில்லை. "மியூரியல், ஒரு நிமிஷம் வந்து இதப் பிடி." கடைசியாகக் கூப்பிட்ட அதே குரல்.

அவன் இறந்த அன்று அவள் டிவி முன்னால் இருந்தாள். "வரேன், உயிரை வாங்காதே" என்று கத்திவிட்டு, நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் மாடியேறினாள். விதை உருளைக்கிழங்குகளை முளைகட்ட முட்டை அட்டைகளில் அடுக்கிக்கொண்டிருந்தவன், கதவோரம் விழுந்து கிடந்தான். கிழங்குகள் தரையெல்லாம் உருண்டிருந்தன. அவனைத் தூக்கிப் போனதும் திரையை இழுத்து மூடிக் கதவைச் சாத்தினாள். உடனே போயிருந்தால் பிழைத்திருப்பானோ? அந்தப் பாழாய்ப்போன கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை.

தூக்க மாத்திரை கேட்டுப் போனால், டாக்டரம்மா வாரம் மூன்று நாள் தோட்டவேலை என்று எழுதிக் கொடுத்தாள். மண்வெட்டியைச் சாப்பாட்டுக்கு முன்னால் விழுங்கவா, பின்னால் விழுங்கவா என்று கேட்டுவிட்டு வந்தாள் மியூரியல். அந்த வாரமே நகராட்சிக் கடிதமும் வந்தது. வில்ஃப் இருபத்திரண்டு வருஷம் வாடகைக்குப் பயிர்செய்த துண்டு நிலம் புதர்மண்டிக் கிடக்கிறதாம். ஈஸ்டர் திங்கட்கிழமைக்குள் கொத்தாவிட்டால், வரிசையில் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவன் கைபட்ட மண்ணும் போனால் அவளுக்கு என்ன மிச்சம்?

புனித வெள்ளியன்று காலை மாடிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். சாத்திய கதவின் அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தபோதுதான் அவை முளைகள் என்று தெரிந்தது. சரியாக அந்நேரம் பார்த்து அவன் கூப்பிட்டான். அவள் கதவைத் திறந்தாள்.

உள்ளே யாருமில்லை. சுருங்கிப்போன கிழங்குகள் முழ நீளத்துக்கு முளைவிட்டு, அத்தனையும் கதவிடுக்கு வெளிச்சத்தைப் பார்த்து ஊர்ந்திருந்தன. எட்டு வாரமாக இவை இங்கே காத்திருக்க, தான் கீழறையில் விட்டத்தைப் பார்த்துக் கிடந்ததை நினைத்து, தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அந்த ஊரில் புனித வெள்ளியன்றுதான் உருளை நடுவார்கள். வில்ஃப் ஒரு வருஷமும் தவறியதில்லை. முளை ஒடியாமல் எல்லாவற்றையும் துணிக்கூடையில் அள்ளிக்கொண்டு நிலத்துக்குக் கிளம்பினாள்.

பக்கத்துத் துண்டு நிலத்துக்காரர் கிளிஃபர்ட் கூடையை எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கிழங்கு கொண்டு வந்தியா, யாரோட தாடியையாவது வெட்டிக்கிட்டு வந்தியா?" என்றார். பிறகு அவரே புதரை வெட்டிக் கொடுத்தார், முளைகளை நீளவாக்கில் படுக்கவைக்கச் சொன்னார். மியூரியல் கொத்தினாள். நகக்கண்ணில் மண் ஏறியது, இடுப்பு விண்ணென்று தெறித்தது, பசிகூட எடுத்தது. மூன்று வரிசை முடிந்தபோதுதான், காலையிலிருந்து அந்தக் கேள்வியை நினைக்கவேயில்லை என்று அவளுக்கு உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

கடைசி வரிசை கோணாமலிருக்க, இரண்டு முனையிலும் குச்சி அடித்து வில்ஃபின் கயிற்றைக் கட்டினார்கள். கிளிஃபர்ட் டீ குடிக்கத் தன் கொட்டகைக்குப் போனார். மியூரியல் குனிந்து மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"மியூரியல், ஒரு நிமிஷம் வந்து இதப் பிடி."

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். "இதோ வந்துட்டேன்."

கொட்டகையிலிருந்து கிளிஃபர்ட் எட்டிப் பார்த்தார். "நான் கூப்பிடலையேம்மா."

"நீங்க இல்லைன்னு தெரியும்."

குரல் வந்த பக்கம், வரிசையின் கோடியில் குச்சி பிடுங்கிக்கொண்டு, கயிறு தொய்ந்து கிடந்தது. மியூரியல் அதை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள். கிளிஃபர்ட் வேறு குச்சி அடித்துத் தருவதாகச் சொன்னார்.

"வேண்டாம். மிச்சத்த நீங்க நட்டுடுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

வரிசை முடியும்வரை அவள் கயிற்றை விடவில்லை.