பன்னிரண்டாம் நம்பர் இன்ஜின்

பகலவனுக்கு இது மூன்றாவது பெண் பார்க்கும் படலம். முதல் இரண்டு வீட்டிலும் பஜ்ஜி நன்றாக இருந்தது என்று அவன் நினைத்துக்கொண்டு வந்தான். "பையன் வாயே திறக்கல" என்று அவர்கள் சொல்லி அனுப்பினார்கள்.

அதைக் கேள்விப்பட்ட மூன்றாவது பெண் செம்மொழி முன்கூட்டியே நிபந்தனை போட்டாள். வீடு வேண்டாம், தஞ்சாவூருக்கு வெளியே வாய்க்காலோரப் பூங்காவில் சந்திக்கலாம். அரை மணி நேரம் பேச்சு ஓடினால் மேற்கொண்டு பார்ப்பது, ஓடாவிட்டால் அத்தோடு விடுவது.

தயாராவது என்று வந்தால் பகலவனை மிஞ்ச ஆள் இல்லை. பகலில் பம்புசெட் கடை, சாயங்காலம் அரசுத் தேர்வு வகுப்பு. இரண்டிலும் செய்யப்போவதை எழுதி வைப்பான். செய்த பிறகு, தப்பாகிவிட்டதோ என்ற சந்தேகத்தையும் எழுதி வைப்பான். முந்தின ஞாயிறே பூங்காவுக்குப் போய் ஒத்திகை பார்த்தான். ஊஞ்சல் பக்கம் பிள்ளைகள் கூச்சல். சிமெண்ட் மான்களுக்கு அருகில் நிழலே இல்லை. குளத்தில் மட்டும் வாத்து வடிவ மிதிபடகுகள் இருந்தன. இரண்டு பேர்தான் உட்காரலாம். பெற்றவர்கள் கரையோடு சரி. குடும்பம் குடும்பமாக ஜனம் வேடிக்கை பார்க்க, தன்னந்தனியாக ஒரு சுற்று மிதித்து வந்தான். பதினெட்டு நிமிடம். அவளிடம் கேட்க எழுதி வைத்திருந்த ஆறு கேள்விக்குச் சரியாக இருக்கும்.

இந்த ஞாயிறு அம்மா கண்ணாத்தாளோடு போய்ச் சேர்ந்தான். செம்மொழியும் அவள் அப்பா வைரக்கண்ணுவும் வாசலிலேயே நின்றார்கள். "வாங்க, படகுல போய்ப் பேசலாம்," என்று ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லிவிட்டு, பெருமையோடு குளக்கரை ஏறினான்.

குளத்தில் சேறு இருந்தது. கொக்குகள் இருந்தன. வாத்துப் படகுகள் நான்கும் தரைதட்டிச் சாய்ந்து கிடந்தன.

"போன வாரம் தண்ணி இருந்துச்சுங்க."

"இருந்திருக்கும் தம்பி," என்றார் வைரக்கண்ணு. அவர் பாசன மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர். "முறை மாறிடுச்சுல்ல? திங்கக்கிழமை நான்தான் ஷட்டரை எறக்குனேன். விவசாய வீட்டுப் பிள்ளை, வாய்க்காலுக்கு முறை வெச்சுத்தான் தண்ணி விடுவாங்கன்னு தெரியாதா?"

தெரியும். படகுக்கு நிமிடக் கணக்கு எடுத்தவனுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தோன்றவில்லை.

"ஒரு வாரத்துல இவ்வளவா வத்தும்?" என்றாள் செம்மொழி.

"வத்தல. அந்தா பாரு இன்ஜின். பயிர் காயுதுன்னு இருந்ததையும் எறைச்சுட்டாங்க."

எதிர்க்கரையில் பச்சை இன்ஜின்; அதில் மஞ்சள் பெயிண்டில் பன்னிரண்டு. பகலவன் கடை இன்ஜின். செவ்வாய்க்கிழமை வாடகைக்கு அனுப்பியவன் அவனே. பேசாமல் இருந்துவிடலாம். அதில்தான் அவனுக்கு நல்ல பழக்கம்.

"அது எங்க கடை இன்ஜினுங்க," என்றது வாய். "நான்தான் அனுப்புனேன். ஹோஸ் பத்தாதோன்னு சந்தேகப்பட்டு, பத்தடி சேத்து வேற குடுத்தேன்."

கண்ணாத்தாள் தலையில் கை வைத்தாள். "வாயைத் தொறடான்னா, இதுக்கா தொறப்ப?"

செம்மொழிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மேல எங்கப்பா அடைச்சிருக்காரு, கீழ நீங்க உறிஞ்சிருக்கீங்க. பாவம் இந்தக் குளம்!" துறைப் பலகையிலிருந்து ஒரு வாத்துக்குள் இறங்கி உட்கார்ந்தாள். "ஏறுங்க. ஒரு சுத்துக்கு எவ்வளவு நேரமாம்?"

"பதினெட்டு நிமிஷம். போன வாரம் மிதிச்சுப் பாத்தேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

மறுபடி சிரித்தாள். பக்கத்தில் ஏறி உட்கார்ந்த அவனுக்கு ஆறு கேள்வியில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. இரண்டு கேள்விகளை அவளே கேட்டாள். விதைப் பரிசோதனைக் கூடத்தில் முளைக்காத நெல்லை எண்ணுவதுதான் தன் வேலை என்றாள். எண்ணியது சரியா என்று திரும்ப எண்ணிப் பார்ப்பீர்களா என்று கேட்டான். "மூணு தடவை," என்றாள். பத்தடி தள்ளிக் கரையில் பெரியவர்கள் கடலை கொறித்தபடி ஒரு சொல் விடாமல் கேட்டார்கள்.

முக்கால் மணி ஆகியிருக்கும். "அப்பா, இந்த வாய்க்காலுக்கு மறுபடி முறை என்னிக்கு?" என்று செம்மொழி குரல் கொடுத்தாள்.

"வர்ற வெள்ளி."

"அப்ப அடுத்த ஞாயிறும் வர்றோம்." அவன் பக்கம் திரும்பினாள். "அந்த இன்ஜினை அதுக்குள்ள திருப்பி வாங்கிருங்க."

"வியாழனே வாங்கிடறேங்க!" என்றான் பகலவன்.

அவன் போட்ட சத்தத்தில் கொக்குகளெல்லாம் எழும்பிப் பறந்தன.