வலியெல்லாம் இல்லைங்க அத்தை

தனக்கு வாய்த்த மாப்பிள்ளையைப்போல் ஊரில் எவளுக்கும் வாய்த்ததில்லை என்று அந்த மாமியார் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். அவள் எதிரில் அவன் குரலை உயர்த்தமாட்டான், சோம்பல்கூட முறிக்கமாட்டான். அந்தப் பாழாய்ப்போன நல்ல குணம்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் உயிருக்கு உலை வைத்துக்கொண்டிருந்தது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

வண்டி சறுக்கி, ஹேண்டில்பார் வயிற்றில் இடித்திருந்தது. வெளியே ஒரு கீறல் கிடையாது. மண்ணீரலில் சின்னக் கிழிசல், தானாகவே ஆறிவிடலாம், அவசரப்பட்டு வயிற்றைத் திறக்க வேண்டாம் என்றார் ஸ்கேன் பார்த்த டாக்டர். ஆனால் வலி கூடினாலோ, இடது தோளுக்கு ஏறினாலோ அந்த நிமிஷமே சொல்ல வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். மகள் நிறைமாதக்காரி, நகர முடியாது. அதனால் மாமியார்தான் துணைக்கு வந்தாள். ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவே இல்லை.

டாக்டர் வந்து வயிற்றை அமுக்கி, வலிக்கிறதா என்று கேட்டார். அவன் அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று சிரித்தான். நர்ஸ் கேட்டபோதும் அதே பதில். நாடி கொஞ்சம் வேகமாக இருக்கிறதே என்று நர்ஸ் இழுத்தாள். பயந்த சுபாவம்மா என்று மாமியாரே சமாதானம் சொன்னாள். உன் புருஷன் இரும்பு, கவலையை விடு என்று மகளிடம் போனில் வேறு அளந்தாள்.

மாலையில் முகம் கழுவப் போனாள். திரும்பி வந்தவள் திரைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். உள்ளே யாரோ துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு முனகுகிற சத்தம். திரையை விலக்கியதும் முனகல் சட்டென்று நின்றது. அவன் முகம் வெளுத்து, வேர்த்துக் கொட்டியிருந்தது. வலது கை இடது தோளைப் பிடித்திருந்தது.

"எப்பலேர்ந்து மாப்பிள்ளை?"

"காலையிலேர்ந்துங்க அத்தை. நீங்க பக்கத்துல இருக்கும்போது எப்படிங்க..."

அடப் பைத்தியக்கார மனுஷா! அவள் போட்ட கூச்சலில் வார்டே கூடிவிட்டது. பிரஷர் விழுந்திருந்தது, வயிறு கல்லாகியிருந்தது. காலையிலேயே சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். ரத்தம் ஏற்றிக்கொண்டே ஆபரேஷன் செய்யப்போகிறோம், தாங்குவானா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். நான் முன்னமே எழுந்து போயிருந்தால் சொல்லியிருப்பானே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சர் சற்று நின்றது. அவளைக் கண்டதும் அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"நான் அந்தப் பக்கம் போயிடறேன் மாப்பிள்ளை. நீங்க கத்துங்க. நல்லா வாய்விட்டுக் கத்துங்க."

சொன்னபடியே நடையின் கோடிக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றாள். கத்தேன், கத்தித் தொலையேன் என்று மனசுக்குள் மன்றாடினாள். சக்கரம் உருண்டது கேட்டது, கதவைச் சாத்தியது கேட்டது. அவன் குரல் மட்டும் கேட்கவே இல்லை.