தானாய்ப் போன பதில்

சண்முகசுந்தரிக்கு நான்கு தொழில்கள். பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலையும் உண்டு, ஆனால் அதை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை. அது ஆள் போய் உட்கார்ந்தால்தான் சம்பளம் தருகிற வேலை. ஆளே இல்லாவிட்டாலும் பணம் வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. யூடியூபில் கோட்டு போட்ட ஒரு தம்பி தினமும் அதைத்தான் சொன்னான். நீங்கள் தூங்கும்போதும் உங்கள் பணம் விழித்திருக்க வேண்டுமாம். கொடைக்கானல் குளிரில் இரண்டு கம்பளி போர்த்துகிற பெண்ணுக்கு இதைவிட இனிப்பான பேச்சு வேறென்ன இருக்கிறது?

ஆக, இரண்டு ஸ்கூட்டர்களை வாடகைக்கு விட்டாள். கடைவீதியில் ஜமால் முகம்மது பாய் கடையில் சாக்லேட் பெட்டிகள் வைத்தாள். மன்னவனூர்ப் பக்கம் மலைப்பூண்டு வாங்கி ஊர் ஊருக்குக் கூரியரில் அனுப்பினாள். நாலாவது, நாயுடுபுரம் மேட்டில் கணவனுக்குப் பாகத்தில் வந்த ஓட்டு வீடு. அதற்கு வெள்ளையடித்து, வாசலில் ஊஞ்சல் கட்டிச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டாள். கணவன் திருப்பூரில் மில் வேலையில் இருந்தான். மாதம் ஒருமுறை வருவான், எல்லாவற்றையும் பார்ப்பான், "என்னமோ செய்யி" என்று சொல்லிவிட்டுப் போவான்.

தூங்கும்போது வரப்போகிற பணத்துக்காக அவள் விடிகாலை நாலு மணிக்கே எழுந்தாள். ஒரு ஸ்கூட்டர் பஞ்சராகும். மறுநாள் இன்னொன்றை எவனாவது ஏரிக்கரையில் போட்டுவிட்டுப் பஸ் ஏறியிருப்பான். வெயில் அடித்தால் சாக்லேட் இளகும், மழை பெய்தால் பூண்டு முளைவிடும். இவ்வளவு அவஸ்தையிலும் ஓட்டு வீடு மட்டும்தான் அந்தத் தம்பி சொன்னபடி நடந்தது. கதவுக்குப் பக்கத்தில் நம்பர் போட்டுத் திறக்கிற சாவிப்பெட்டி. வாடகை நேராக பேங்குக்கு. வாட்ஸப்பில் யார் என்ன கேட்டாலும் தானாகப் போய்ச் சேரும் பதில்கள். வருகிறவர்கள் முகத்தைக்கூட அவள் பார்க்க வேண்டியதில்லை.

முன்பு அப்படி இல்லை. எதிர்வீட்டுக் காளியாயிதான் சாவி கொடுத்து, கூட்டிப் பெருக்கி, வாசலில் இருக்கும் கரியடுப்பைப் பற்றவைத்தும் கொடுப்பாள். ஐம்பத்தைந்து தாண்டியவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சிறு பெண்ணாக வந்து இந்த மலையிலேயே கூலிவேலை செய்து நிமிர்ந்தவள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆட்கள் சமைத்து முடித்ததும் அடுப்பைக் கங்கோடு தூக்கித் தன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்விடுவாள். காலையில்தான் திரும்பி வரும். மிச்சக் கரியை அமுக்குகிறாள் என்று சுந்தரி முடிவுகட்டினாள், ஒருநாள் முகத்துக்கு நேராகவே கேட்டும் விட்டாள். காளியாயி சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் போனாள். மறுவாரம் சாவிப்பெட்டி வந்தது, காளியாயி வேலையிலிருந்து நின்றுகொண்டாள்.

டிசம்பர் லீவில் ஒரு சனிக்கிழமை. சுந்தரி மன்னவனூரில் பூண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அழகையாவின் ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து மழை விட்டபாடில்லை. சிக்னலும் இல்லை. பூம்பாறை வளைவு வந்ததும் போன் உயிர்பெற்றுப் படபடவென்று அடித்துக்கொண்டது. ஸ்கூட்டர்காரன் ஒருவன், சாக்லேட் தீர்ந்துவிட்டது என்று ஜமால் பாய், அப்புறம் ஓட்டு வீட்டில் தங்கியிருந்த மேனகா. தூத்துக்குடியிலிருந்து புருஷனோடும் இரண்டு வயதுக் குழந்தையோடும் முந்தின நாள் வந்த பெண்.

'அக்கா பாப்பா குளிர்ல நடுங்குறா. வெளிய ஒரே மழை. வாசல்ல இருக்குற கரி அடுப்ப ரூமுக்குள்ள வச்சு கதவ சாத்திக்கலாமா?'

மணி ஒன்று ஐம்பத்திரண்டு. அதே நிமிடத்தில் கீழே சுந்தரியின் பதில்.

'தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்! உங்கள் வசதியே எங்கள் மகிழ்ச்சி.'

அடுப்பு என்ற சொல் வந்தால், தன் போனில் சிக்னல் இல்லாவிட்டாலும், இந்தப் பதில் போக வேண்டும் என்று அவள்தான் போட்டு வைத்திருந்தாள். வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் இருக்கும் அடுப்பில் கோழி சுடலாமா என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் விரல் நோக டைப் அடிக்க முடியுமா?

அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. 'ரொம்ப தேங்க்ஸ்க்கா. கொஞ்ச நேரம் தூங்குறோம்.'

இப்போது மணி இரண்டு ஐம்பது. மேனகாவைக் கூப்பிட்டாள். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. புருஷன் அருண்பாண்டியன் நம்பரும் அப்படியே.

"என்ன தாயி, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு?" என்றார் அழகையா.

சொன்னாள். அவர் வாயிலிருந்த பாக்கைத் துப்பினார்.

"கதவச் சாத்திக்கிட்டா? ஓட்டு வீட்டுல?"

"ஜன்னலையும்தான் சாத்தியிருப்பாக. பச்சப்புள்ள இருக்குல்ல."

"கரிப்பொக தெரியாது தாயி. இருமலும் வராது. ஒறங்குற மாதிரியே கொண்டு போயிரும்." சொல்லிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். பூண்டு மூட்டைகள் பின்னால் உருண்டன. என்ன மிதித்தாலும் அந்தச் சாலையில் முக்கால் மணி நேரத்துக்குக் குறைந்து போக முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

நூற்றெட்டுக்குப் போட்டு விலாசம் சொன்னாள். லீவுக் கூட்டத்தில் ஏரிச் சாலை அடைத்துக் கிடக்கிறது, வண்டி கிளம்பிவிட்டது, முடிந்தவரை வேகமாக வருவார்கள் என்றார்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் கதவைத் திறக்கச் சொல்லுங்கள் என்றார்கள்.

பக்கத்தில் ஒருத்திதான் இருந்தாள்.

முதல் முறை கூப்பிட்டபோது காளியாயி எடுக்கவில்லை. இரண்டாம் முறை பாதியில் வெட்டினாள். அழகையா ஒரு கையால் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினார். அந்த நம்பரிலிருந்து கூப்பிட்டதும் எடுத்தாள்.

"யாரு?"

"நான்தாங்க்கா, சுந்தரி. வெச்சிராதீங்க..."

"என்னா, இன்னும் கரி கொறையுதா?"

"அக்கா, வீட்டுல இருக்கவுக கரியடுப்ப உள்ள வெச்சுச் சாத்திக்கிட்டு ஒறங்குறாக. சின்னப் புள்ள இருக்கு. போன் எடுக்க மாட்டேங்குறாக."

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது.

"எம்புட்டு நேரமாச்சு?"

"ஒரு மணி நேரம்."

"அடிப் பாவி!" காளியாயி ஓடிக்கொண்டே பேசினாள், மூச்சிரைத்தது. "தெனமும் அடுப்ப எதுக்குத் தூக்கிட்டுப் போனேன்னு நெனச்ச? தோட்டத்து லயத்துல எங்க பக்கத்து வீட்டுல இப்புடித்தான், புருஷன் பொஞ்சாதி ரெண்டு புள்ளைங்க, விடிஞ்சு ஒருத்தரும் எந்திரிக்கல."

கரிப்புகை ஆளைக் கொல்லும் என்பது சுந்தரிக்குத் தெரியாததில்லை. கன்னிவாடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த இந்தப் பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். ஆனால் அதற்கும் காளியாயி அடுப்பைத் தூக்கியதற்கும் முடிச்சுப் போட அவளுக்குத் தோன்றவே இல்லை. சந்தேகம் முந்திக்கொண்டது. இப்போது நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கப்படக்கூட நேரமில்லாமல் இருந்தது.

போனில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. "தம்பி! ஏ புள்ள! எந்திரிங்க!" மறுபடியும் தட்டல். "உள்ள தாழ்ப்பா போட்டிருக்கு சுந்தரி. ஒருத்தரும் அசையல."

"ஜன்னல ஒடைங்க! கதவ ஒடைங்க! எது வேணும்னாலும் ஒடைங்க!"

கண்ணாடி நொறுங்கியது. அத்தோடு லைன் அறுந்தது.

திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. இன்னொரு முறை, அதுவும் அப்படியே. ஜீப் யூகலிப்டஸ் காட்டுக்குள் நுழைந்தது. எதிரே பனி இறங்கி ரோடு தெரியாமல் போக, அழகையா விளக்கைப் போட்டார். கண்ணாடியோடு முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு ஓட்டினார்.

சுந்தரி தன் போனை எடுத்தாள். அந்தப் பதில் அங்கேயே இருந்தது. உங்கள் வசதியே எங்கள் மகிழ்ச்சி. மூன்று பேர். போலீஸ் வருவார்கள். முதலில் போனைத்தான் கேட்பார்கள். எழுதியது நான் இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? வேலை போகும், வீட்டுக்குச் சீல் வைப்பார்கள், புருஷன் வந்து நிற்பான். இத்தனையும் ஒரே மூச்சில் ஓடின. அந்தக் குழந்தை மூச்சு விடுகிறதா இல்லையா என்பதே இன்னும் தெரியாது, அதற்குள் விரல் அந்தப் பதிலை அழுத்திப் பிடித்தது. எல்லாருக்கும் நீக்கவா என்று கேட்டது. ஆமாம் என்று தொட்டாள்.

அழகையா திரும்பிப் பார்த்தார். "காளியாயி எடுத்துச்சா?"

"இல்லண்ணே."

இன்னும் ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். அவள் வாழ்நாளில் அத்தனை நீளமான எட்டு நிமிடம் வந்ததில்லை. முருகா முருகா என்று முனகிக்கொண்டிருந்தாள். காளியாயி கூப்பிட்டாள்.

"மூணு பேரையும் வெளிய இழுத்துப் போட்டுட்டேன். மூச்சு இருக்கு. புள்ள வாந்தி எடுத்துச்சு, அழுவுது. ஆம்புலன்ஸ் இப்பத்தான் மேட்டுல ஏறுது." குரல் உடைந்தது. "கையெல்லாம் ரத்தம் எனக்கு. நீ வெரசா வா."

சுந்தரி முன்சீட்டில் குனிந்து உடம்பு குலுங்க அழுதாள். அழகையா வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினார்.

அரசு ஆஸ்பத்திரியில் மூன்று பேரையும் பக்கத்துப் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார்கள். காளியாயிக்குக் கையில் கட்டு. வெளியே பெஞ்சில் இருந்தவள் சுந்தரியைப் பார்த்து, "உள்ள போ" என்று மட்டும் சொன்னாள். பிழைத்துக்கொண்டார்கள், குழந்தைக்குத்தான் முதலில் சரியாகிறது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். பெரியவர்களுக்குத் தலைவலியும் குழப்பமும் ஒரு நாளாவது இருக்குமாம்.

சுந்தரி கட்டிலருகே போனபோது அருண்பாண்டியன் எழுந்து உட்கார்ந்திருந்தான். கதவோரம் படுத்திருந்ததால் மேனகாவைவிட அவனுக்குச் சீக்கிரம் தெளிந்திருந்தது. ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பெண்டாட்டியைத் திட்டிக்கொண்டிருந்தான்.

"நான் தூங்குறப்ப யாரக் கேட்டு உள்ள வெச்ச? நான்தான் ஹீட்டர் கேப்போம்னு சொன்னேன்ல? புள்ளயக் கொன்னுருப்பியே!"

மேனகாவின் கண்கள் இன்னும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. குழந்தை அவள் மார்பில் ஒட்டிக் கிடந்தது. "அக்காட்ட கேட்டேன். சரின்னு சொன்னாங்க."

"எங்க சொன்னாங்க? இந்தா உன் போன், பாரு. மெசேஜ் நீக்கப்பட்டதுன்னு கெடக்கு. வேண்டாம்னு போட்டிருப்பாங்க, நீ பாக்கலன்னதும் போன் பண்ணிக்கலாம்னு அழிச்சிருப்பாங்க. அரைத் தூக்கத்துல எதையோ படிச்சுட்டு தேங்க்ஸ் வேற போட்டிருக்க..."

"சரின்னுதான் இருந்துச்சுங்க. நான் பாத்தேன்." அவள் குரல் நடுங்கியது. அப்போதுதான் இருவரும் சுந்தரியைக் கவனித்தார்கள். சாவிப்பெட்டி புண்ணியத்தில் முன்பின் பார்த்ததில்லை. நர்ஸ்தான், "வீட்டுக்காரம்மா" என்றாள்.

அருண்பாண்டியன் கையெடுத்துக் கும்பிட்டான். "மன்னிச்சுக்கோங்கக்கா. உங்களுக்கும் பெரிய தொந்தரவு குடுத்துட்டோம். நீங்க ஆள் அனுப்பலேன்னா..."

மேனகா அவளையே பார்த்தாள். "அக்கா, நீங்க வேண்டாம்னா போட்டீங்க? எனக்குத் தல சுத்துது. நான்தான் தப்பாப் படிச்சுட்டேனா? நானா எம்புள்ளய..."

ஆமாம்மா என்று ஒரு வார்த்தை போதும். அவன் நம்பத் தயாராக இருந்தான். அவளும் நம்பிவிடுவாள், சாகும்வரை தன்னையே நொந்துகொண்டு நம்புவாள். சுந்தரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"சரின்னுதாம்மா போச்சு" என்றாள். "அது தானாப் போற பதில். நான் பாக்கவே இல்ல. வர்ற வழியில அத அழிச்சேன் பாரு, அது மட்டும் நானே செஞ்சது."

அருண்பாண்டியனின் கைகள் மெல்லப் பிரிந்தன. மேனகா கண்ணை மூடிக்கொண்டாள். நீர் காதோரம் வழிந்தது.

"அப்ப நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்" என்று புருஷனிடம் சொன்னாள். பிறகு குழந்தையைத் தூக்கி, சுந்தரி நின்ற பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.