குனிந்தவன்

வெண்டலுக்குப் பேஸ்பால் என்றால் வானொலிதான். ஏப்ரலில் சீசன் தொடங்கினால் செப்டம்பர் முடியும்வரை ஃபெர்ரிமென் அணியின் நூற்று அறுபத்திரண்டு ஆட்டங்களையும் ஒன்று விடாமல் கேட்டுவிடுவான். பகல் ஆட்டமென்றால் பேருந்துப் பணிமனையில், மாலை ஆட்டமென்றால் வீட்டுச் சமையலறையில். மைதானம் இரண்டு மைல் தூரம்தான். ஆனால் ஒன்பது வருஷமாக அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை.

ஏனென்று கூட வேலை பார்க்கும் ரஃபஸுக்குத் தெரியாது. அவன் வேறு ஊர்ப் பணிமனையிலிருந்து வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. ஆகஸ்டில் தொழிற்சங்கக் குலுக்கலில் அவனுக்கு இரண்டு டிக்கெட் விழுந்தது. புதன்கிழமை பகல் ஆட்டம்.

"டேய், ரேடியோவக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துற ஒரே ஆளு நீதான். வா, நெஜமான ஆளுங்க ஓடுறதப் பாரு. ஹாட் டாக் என் செலவு."

"பஸ்ஸு வேலை கெடக்கு."

"பஸ்ஸு எங்கயும் ஓடிடாதுடா. ஓடுற பஸ்ஸுன்னா நம்மகிட்ட ஏன் வருது?"

வெண்டல் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை. மைதானத்துப் படிக்கட்டில் நின்றபோதுதான் டிக்கெட்டில் இருந்த எண்ணைப் பார்த்தான். மூன்றாம் பேஸ் பக்கம், பன்னிரண்டாம் வரிசை. அதே வரிசை. இருக்கை மட்டும் ஒன்று தள்ளி.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்து வந்தால் பிடிப்பதற்கென்றே தோல் கையுறையும் புதுத் தொப்பியுமாக அங்கே உட்கார்ந்திருந்தான். மட்டையின் விளிம்பில் பட்ட பந்து நேராக அவன் முகத்துக்கே வந்தது. பிடிக்கவென்றே வந்த அவன் குனிந்துவிட்டான். தலைக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. ஈர மரத்தில் சுத்தியல் பட்டாற்போல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் பின்வரிசைப் பெண் புருஷன் மடியில் சாய்ந்து கிடந்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். வெர்லா ஹேகன் என்று பெயர்.

யாராக இருந்தாலும் குனிந்திருப்பார்கள் என்று போலீஸ்காரர் சொன்னார், பாதிரியார் சொன்னார், மனைவி டோரீனும் சொன்னாள். ஆனால் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. அவன் குனிந்திருக்கிறான், பின்னால் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் படத்தை வெண்டல் ஒரே ஒரு தடவை பார்த்தான், அதுவும் அரைக்கண்ணால். அன்றிலிருந்து பணிமனையில் யாராவது ஸ்பானரைக் கீழே போட்டால் போதும், அவன் கழுத்து தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இப்போது பார்வையாளர்களுக்கு முன்னால் உயரமாக வலை கட்டியிருந்தார்கள். இருந்தும் ஆட்டத்தின் முதல் பந்து மட்டையில் பட்டதுமே வெண்டல் குனிந்தான். பந்து போனது எதிர்த்திசையில்.

"வலை இருக்குப்பா" என்றது பின்னாலிருந்து ஒரு கிழக்குரல். "பீரங்கி வச்சுச் சுட்டாலும் உள்ள வராது."

திரும்பினான். ஒல்லியான முதியவர், மடியில் ஸ்கோர் எழுதும் நோட்டு, காதிடுக்கில் பென்சில். பக்கத்து இருக்கையில் ஒரு துணிப்பை. வெண்டலுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. வெர்லாவின் புருஷன் ஆர்வில் ஹேகன். அடக்கத்தன்று தெருவுக்கு எதிர்ப்பக்கம் காருக்குள்ளிருந்தே பார்த்த முகம். அன்று இறங்கிப் போக அவனுக்குத் தைரியம் வரவில்லை.

எழுந்து போய்விடலாம் என்று ரஃபஸின் கையைத் தொட்டான். ரஃபஸோ அதற்குள் பெரியவரிடம் வம்பை ஆரம்பித்திருந்தான்.

"டெல்காடோவ இன்னுமா பந்து வீச விடுறாங்க? அவன் கை போன வருஷமே செத்துப்போச்சு சார்."

"நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து நான் இந்தச் சீட்டுல உக்காந்திருக்கேன். வாயில இருக்கற ஹாட் டாக்க முழுங்கிட்டு அப்புறம் பேசு."

ரஃபஸுக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. "அந்தப் பை இருக்கற சீட்டு யாருக்கு சார்?"

"என் பொண்டாட்டிக்கு."

"சாப்பாட்டு வரிசைல நிக்கிறாங்களா?"

"வரமாட்டா. இருந்தாலும் டிக்கெட் வாங்கிடுவேன்."

வெண்டல் புல்தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் அடித்தார்கள், யார் ஓடினார்கள் என்று எதுவும் மனசில் நிற்கவில்லை. மட்டைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் குனிந்தான். முதலில் ரஃபஸ் விழுந்து விழுந்து சிரித்தான். ஐந்தாம் இன்னிங்ஸில் அவனுக்கே சிரிப்பு நின்றுவிட்டது. பின்னால் பென்சில் சத்தமும் நின்றிருந்தது.

ஏழாம் இன்னிங்ஸின் நடுவில் பேஸ்பால் வழக்கப்படி எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள். ரஃபஸ் பீர் வாங்கப் போயிருந்தான். அத்தனை பேர் குரலுக்கு நடுவே வெண்டல் திரும்பினான். "சார், அன்னிக்கு... நான்தான்..."

"தெரியும்" என்றார் ஹேகன். அவர் பாடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. "நீ வந்து உக்காந்தப்பவே தெரியும். உன் மொகம் எனக்கு ஞாபகமில்ல. முதுகு தெரியும்."

வெண்டல் முழுசாக அவர் பக்கம் திரும்பி நின்றான்.

"அந்தப் படம் எங்க வீட்டு ஹால்ல மாட்டியிருக்கேன். அவ சிரிச்ச கடைசிப் படம் அதானே. உன்ன மட்டும் வெட்டி எடுத்துடலாம்னு கத்திரிக்கோலோட உக்காந்தேன். உன்ன வெட்டுனா அவ கையும் சேந்து போயிடுது. ஒம்போது வருஷமா நீ எங்க வீட்ல குனிஞ்சுக்கிட்டே இருக்கே."

"அவங்க கையா?"

"அப்ப நீ படத்தச் சரியாப் பாக்கல." பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் தொப்பில வெலைச்சீட்டு தொங்கிக்கிட்டிருந்துச்சு. மூணு இன்னிங்ஸா அதப் பாத்துப் பாத்துச் சிரிச்சா. பிச்சுவிடட்டுமான்னு கேட்டா. பிச்சுவிடு, பாவம், மானம் போகுதுன்னு நான்தான் சொன்னேன். அதுக்குத்தான் முன்னாடி சாஞ்சா."

பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். வெண்டல் மட்டும் நின்றான். "உக்காருய்யா, மறைக்குது!" என்று மேல்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"எங்க புள்ளைங்ககிட்டகூட இதச் சொன்னதில்ல" என்றார் ஹேகன். "நீ வந்தா நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கணும்னு ரெண்டு வருஷம் வந்தேன். அதுக்கப்புறம் எதுக்கு வந்தேன்னு தெரியல. உக்காரு. டெல்காடோவ எடுத்துட்டாங்க பாரு."

வெண்டல் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு மட்டைச் சத்தத்துக்கு அவன் குனியவில்லை. குனிய முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பிடரிக்கு அரை அங்குலம் பின்னால், விலைச்சீட்டைப் பிய்க்க வந்த அந்த இரண்டு விரல்கள் நின்றன. தொடவும் இல்லை, விலகவும் இல்லை. அசைந்தால் பட்டுவிடும்போல் இருந்தது. ஒன்பதாம் இன்னிங்ஸ் முடியும்வரை கழுத்தைத் திருப்பாமல் இருந்தான்.

ஃபெர்ரிமென் ஒரு ரன்னில் தோற்றது. ஹேகன் கடைசிக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு நோட்டை மூடினார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுசா ஒருத்தன் வீசுறான். எடது கைக்காரன்" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பற்றிப் படியேறிப் போனார்.

காரில் வெண்டல் எல்லாவற்றையும் சொன்னான். ரஃபஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

"மொதல்லயே சொல்லித் தொலைக்க மாட்டியாடா? நான் பாட்டுக்கு இளிச்சுக்கிட்டு இருந்தேனே."

"நீ இளிச்சதாலதான் என்னால உக்காந்திருக்க முடிஞ்சுது."

வெள்ளிக்கிழமை டோரீனிடம்கூடச் சொல்லாமல் வெண்டல் கிளம்பினான். போனிலேயே டிக்கெட் வாங்கிவிட்டான். ஆனால் மைதானத்துக்கு வெளியே காரை நிறுத்தியதும் இறங்க முடியவில்லை. வானொலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விரல்கள் இங்கேயும் வந்திருந்தன.

ஒலிபரப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. முதலில் சுவருக்கு அப்பாலிருந்து கூட்டத்தின் ஆரவாரம் கேட்கும். சில நொடி கழித்து அதே ஆரவாரம் வானொலியில் எழும். நடந்து முடிந்துவிட்டது, காருக்குள் மட்டும் இன்னும் நடக்கவில்லை. அந்தச் சில நொடிக்குள் எதையாவது செய்துவிடலாம்போல ஒவ்வொரு தடவையும் அவன் கை பரபரத்தது. நான்கு இன்னிங்ஸ் அப்படியே போயிற்று.

ஐந்தாவதில் சுவருக்கு அப்பால் எல்லோரும் ஒன்றாக "ஐயோ" என்றார்கள். அந்தச் சில நொடிக்குள், வானொலி அதைச் சொல்வதற்கு முன்பே, வெண்டல் வானொலியை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கி, வாசலைப் பார்த்து வேகமாக நடந்தான்.